கையெழுத்தான காகிதம் கடலூருக்கு வந்து சேர்ந்ததா?

(கடலூர் மஞ்சக்குப்பத்தில், கல்லூரி இறுதியாண்டு மாணவர்களுக்காக நடந்த உயர்கல்வி வழிகாட்டி நிகழ்ச்சியில் சர்வதேச உறவுகள் முதுகலைப் படிப்பு பற்றி ஆற்றிய உரை. மேடையில் பேசியதை நானே எழுதி, ஓரிரு இடங்களில் சற்று விரித்திருக்கிறேன்.)

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் என் ஆசிரியர் ஐயா அவர்களே, கல்லூரி முதல்வர் அம்மா அவர்களே, அரசியல் அறிவியல் துறைத் தலைவர் அவர்களே, மாநகராட்சி உறுப்பினர் ஐயா அவர்களே, தேவனாம்பட்டினம், தாழங்குடா, சோனாங்குப்பம் ஆகிய ஊர்களிலிருந்து வலை வேலையைத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் பஞ்சாயத்துப் பெரியவர்களே, பிள்ளைகளோடு வந்திருக்கும் தாய்மார்களே, மாணவச் செல்வங்களே, எல்லோருக்கும் என் பணிவான வணக்கம்.

முதலில் நன்றி சொல்லி முடித்துவிடுகிறேன். நன்றியைக் கடைசியில் வைத்தால் அதற்குள் பாதிப் பேர் பஸ்ஸுக்கு எழுந்துவிடுகிறார்கள். தலைவர் ஐயாவுக்கு வயது எண்பத்தெட்டு. கண் பார்வை குறைந்துவிட்டது. மாணவன் பேசுகிறான் என்ற ஒரே காரணத்துக்காகப் பேரன் கையைப் பிடித்துக்கொண்டு இந்த மாடிப்படி ஏறி வந்திருக்கிறார். அவர் ஒன்பதாம் வகுப்பில் எனக்கு வரலாறு நடத்தியவர். இன்று நான் சொல்லப்போவதில் பாதி அவர் தந்தது. முதல்வர் அம்மாவுக்கும் நன்றி. உயர்கல்வி வழிகாட்டல் என்றாலே கணினியும் வங்கித் தேர்வும் என்று ஆகிவிட்ட காலத்தில், சர்வதேச உறவுகள் என்ற ஒரு பாடத்துக்காக முழு மாலைப் பொழுதை ஒதுக்கியிருக்கிறார். இந்த மாவட்டத்தில் வேறு யாரும் இதைச் செய்து நான் பார்த்ததில்லை. மாநகராட்சி உறுப்பினர் ஐயா, கரையோர ஊர்களிலிருந்து ஆட்களை அழைத்துவர இரண்டு வேன்களை ஏற்பாடு செய்தார். அந்த வேன்கள் வராதிருந்தால் என் பேச்சுக்கு இன்று பொருள் இருந்திருக்காது. ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். எனக்குப் போர்த்திய பொன்னாடையைத் தலைவர் ஐயாவின் காலடியில் வைக்கிறேன்.

நான் பேராசிரியன் அல்லன். முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சாட்சி தமிழில் சொன்னதை ஆங்கிலத்திலும், தீர்ப்பு ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழிலும் எழுதி எழுதி விரல் தேய்ந்தவன். ஒரு சொல் பிசகினால் ஒருவன் சிறைக்குப் போவான் என்பது அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்குத் தெரியும். அந்தத் தகுதியில் நிற்கிறேன்.

நான்கு செய்திகள் பேசுவதாகச் சொல்லியிருக்கிறேன். இந்தப் படிப்பு எது பற்றியது, எங்கே எப்படிச் சேர்வது, படித்தால் என்ன வேலை, எந்த அயல்மொழியைக் கற்றுக்கொள்வது. இந்த நான்கையும் கோக்கும் ஊசி ஒரு பழமொழி. ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.’ என் ஆயா அடிக்கடி சொல்வாள். படிப்பை இகழ்வதற்காக இதைச் சொல்கிறவர்கள் உண்டு. ஆயா அந்தப் பொருளில் சொல்லவில்லை. எழுத்தறியாத அவள், நான் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, “ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாதுடா, ஏட்டில் இருப்பதைக் கொடியில் காய்க்க வை” என்பாள். ஏட்டைக் கிழி என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

சரி, முதல் செய்தி. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22 இரவில், எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக்கு எதிரே வந்து நின்று எண்ணெய்க் கிடங்குகளைச் சுட்டு எரித்தது. ஐரோப்பாவில் யாரோ இரண்டு அரசர்களுக்குச் சண்டை என்று நினைத்துக்கொண்டிருந்த நம் ஊரில் மக்கள் மூட்டை முடிச்சைக் கட்டினார்கள். இன்றும் மகா சாமர்த்தியக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோம். அந்தப் போர் நான்கு ஆண்டுகள் நடந்தது. அது முடிந்தவுடன், நாடுகள் ஏன் சண்டையிடுகின்றன, எப்படிச் சமாதானம் ஆகின்றன என்பதைத் தனிப் பாடமாகவே படிக்க வேண்டும் என்று சிலர் எண்ணினார்கள். 1919-இல் அபெரிஸ்ட்வித் என்ற சிறிய கடற்கரை ஊரின் கல்லூரியில் சர்வதேச அரசியலுக்கென்று ஒரு பேராசிரியர் இருக்கை உருவானது. உலகிலேயே அந்தப் பாடத்துக்கு அதுதான் முதல் இருக்கை. அந்த ஊர் இருப்பது வேல்ஸ் நாட்டில்.

வேல்ஸ் என்றதும் கடலூர்க்காரர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும். நம் தேவனாம்பட்டினத்துக் கோட்டைக்குப் பெயர் என்ன? செயின்ட் டேவிட் கோட்டை. டேவிட் யார்? வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர். அந்தப் பெயரை வைத்தவர் சென்னை ஆளுநராக இருந்த எலிஹு யேல், வேல்ஸ் பூர்வீகம் கொண்டவர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் வந்ததும் அவர் அனுப்பிய நன்கொடையால்தான். ஆக, உங்களில் யாராவது ஒருநாள் யேலில் சர்வதேச உறவுகள் படிக்கப் போனால், அந்த வாசலில் ‘நாங்கள் அந்நியர் அல்லர், எங்கள் ஊர்க் கோட்டையை விலைக்கு வாங்கியவர் பெயரைத்தான் நீங்கள் வைத்திருக்கிறீர்கள்’ என்று சொல்லலாம்.

அந்தக் கோட்டையை எப்படி வாங்கினார்கள் என்பதை நான் புத்தகத்தில் படிக்கும் முன்பே கல்லெறிந்து கற்றேன். தலைவர் ஐயா சிரிக்கிறார், அவருக்கு நினைவிருக்கிறது. ஒரு சனிக்கிழமை எங்களை வகுப்போடு மஞ்சக்குப்பத்திலிருந்து நடத்தியே கூட்டிக்கொண்டு போனார். வழியெல்லாம் வெயில். கெடிலத்தின் ஓரமாகப் போய், இடிந்து கிடந்த செங்கல் மேட்டின் மேல் நிறுத்தினார். ஆளுக்கொரு கல்லை எடுக்கச் சொன்னார். “இங்கே நின்று எறி. கல் விழும் இடம் வரைக்கும் நிலம் உனக்குச் சொந்தம்” என்றார். எங்கள் ஆரவாரத்தைக் கேட்க வேண்டுமே! நான் எறிந்தேன், பனைமரம் வரை. என் பக்கத்துப் பையன் பனைமரத்தைத் தாண்டி எறிந்தான். வக்கீல் வீட்டுப் பிள்ளை ஒருவன், காற்று வீசும் திசை பார்த்து எறிய வேண்டும் என்று சொல்லி, காற்றுக்காகக் காத்திருந்து எறிந்தான். அவன் கல் இன்னும் தூரம் போனது.

கடைசியாகத் தேவனாம்பட்டினத்து மீனவர் வீட்டுப் பையன் வந்தான். அவன் கல்லே எடுக்கவில்லை. “ஐயா, கல்தான் எறிய வேண்டுமா, எதை வேண்டுமானாலும் எறியலாமா?” என்று கேட்டான். ஐயா ஒரு நிமிடம் யோசித்து, “நான் அதைச் சொல்லவில்லையே” என்றார். அவன் ஓடினான். வீடு பக்கத்தில்தான். வலையின் அடியில் கட்டும் ஈயக்குண்டுகள் நான்கைச் சேர்த்து ஒரு கயிற்று நுனியில் முடிந்து கொண்டுவந்தான். தலைக்கு மேல் சுழற்றினான். நாங்கள் எல்லோரும் விலகி ஓடினோம். விட்டான். அது எங்கள் கற்கள் எல்லாவற்றையும் தாண்டி, மேய்ந்துகொண்டிருந்த ஆடுகளையும் தாண்டி, ஆற்றுத் தண்ணீரில் போய் விழுந்தது. “ஐயா, ஆறும் எனக்குத்தான்” என்றான். வக்கீல் வீட்டுப் பிள்ளை, இது செல்லாது, ஒப்பந்தத்தில் கல் என்றுதான் இருக்கிறது என்று வாதாடினான். மீனவர் வீட்டுப் பையன், ஐயா சொல்லவில்லை என்று ஒப்புக்கொண்டாரே என்று பதில் வாதம் செய்தான். ஆட்டுக்காரர் ஓடி வந்து, என் ஆடுகள் யாருடைய நிலத்தில் மேய்கின்றன என்று கேட்டார். ஐயா அந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் மகிழ்ந்துபோனார். “பாருங்கள், இத்தனை நேரம் நீங்கள் பங்கு போட்டீர்களே, இவரை யாராவது கேட்டீர்களா?” என்றார்.

அப்புறம்தான் கதையைச் சொன்னார். 1690. செஞ்சியில் இருந்த மராத்தியரிடமிருந்து ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தக் கோட்டையை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு, அதைச் சுற்றி ஒரு பீரங்கிக் குண்டு எட்டும் தூரம் வரைக்கும் நிலமும் சேர்த்து என்பது பேச்சு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்தார்கள். சுடுவது சுடுகிறவன் கைத்திறமை, ஆதாயமாக விழும்படி சுடட்டும் என்ற கருத்தில் மேலிடத்திலிருந்து எழுதியும் அனுப்பினார்கள். செப்டம்பர் மாதம் பல திசைகளிலும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த ஊரெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம், கடலூர் நகரமும் உட்பட. குண்டு கிராமங்கள் என்றார்கள். குண்டு உப்பலவாடிக்கு இன்றும் பஸ் போகிறது, பெயர்ப்பலகையைப் பாருங்கள்.

இதில் படிப்பு எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். கடலூரில் இந்தக் குண்டு வெடித்த சில ஆண்டுகளிலேயே, பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிங்கர்ஷூக் என்ற டச்சுச் சட்ட அறிஞர், ஒரு நாட்டின் கடல் எல்லை கரையிலிருந்து பீரங்கியின் வலிமை எட்டும் தூரம் வரைதான் என்று எழுதினார். பின்னால் அது மூன்று மைல் என்று ஆனது. இன்று 12 கடல் மைல். அதற்கு அப்பால், கரையிலிருந்து 200 கடல் மைல் வரை பிரத்யேகப் பொருளாதார மண்டலம், அதாவது மீன் முதலான வளங்களில் அந்தக் கரை நாட்டுக்கே உரிமை உள்ள கடல். தரையில் நம் ஊரை அளந்த அதே பீரங்கிதான் உலகத்தின் கடலையும் அளந்தது. சர்வதேச உறவுகள் என்ற படிப்பின் மூன்று பெரிய கேள்விகளும் அந்தச் செங்கல் மேட்டிலேயே இருந்தன. யாரிடம் ஈயக்குண்டு இருக்கிறது? ஒப்பந்தத்தில் என்ன சொல் இருக்கிறது? ஆட்டுக்காரரைக் கேட்டார்களா? முதலாவதை வலிமைக் கோட்பாடு என்றும், இரண்டாவதைச் சர்வதேசச் சட்டம் என்றும் உங்களுக்கு நடத்துவார்கள். மூன்றாவதற்குப் பாடத்திட்டத்தில் இடம் குறைவு. நான் அதற்காகவே வந்திருக்கிறேன்.

இரண்டாவது செய்தி, எங்கே படிப்பது. இந்தியாவில் இந்தப் பாடத்துக்கு எழுபது ஆண்டு வரலாறு உண்டு. 1955-இல் டெல்லியில் சர்வதேச ஆய்வுகளுக்கென்று ஒரு பள்ளி தொடங்கியது. 1970-இல் அது ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. 1956-இல் கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழகம் தனித் துறையே வைத்தது. சார்க் நாடுகள் சேர்ந்து நடத்தும் தெற்காசியப் பல்கலைக்கழகம் 2010-இல் டெல்லியில் வந்தது. அங்கே நேபாளத்துப் பிள்ளையும் வங்கதேசத்துப் பிள்ளையும் உங்கள் பக்கத்து இருக்கையில் உட்காருவார்கள், அதுவே ஒரு படிப்பு. சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வுகளுக்கான மையமும் பாதுகாப்பு ஆய்வுத் துறையும் இருக்கின்றன. இத்தனை தூரம் போக முடியாதவர்களுக்குப் புதுச்சேரிப் பல்கலைக்கழகம். காலாப்பட்டுக்கு இங்கிருந்து இரண்டு பஸ் மாறினால் போதும். அங்கே அரசியலும் சர்வதேச ஆய்வுகளும் ஒரே துறையாக இருக்கின்றன, தெற்காசிய ஒத்துழைப்புக்கென்று தனி மையமும் உண்டு. இரண்டு ஆண்டுப் படிப்பு. மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர முதுகலைக்கான க்யூட் பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். பட்டப்படிப்பு தமிழ் இலக்கியமாகவோ விலங்கியலாகவோ இருந்தாலும் பல இடங்களில் தடையில்லை. ஒவ்வொரு ஆண்டும் வரும் அறிவிப்பை உங்கள் கண்ணாலேயே படியுங்கள், நண்பன் சொன்னான் என்று நம்பாதீர்கள்.

புதுச்சேரியைப் பற்றி இன்னும் ஒரு சொல். அந்த ஊரே ஒரு பாடப்புத்தகம். பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் 1954 நவம்பர் 1-இல் நடைமுறையில் இந்தியாவின் கைக்கு வந்தன. அதற்கு இரண்டு வாரம் முன்பு கீழூரில் 178 பிரதிநிதிகள் வாக்களித்து, 170 பேர் இணைவோம் என்றார்கள். கைமாற்ற ஒப்பந்தம் 1956 மே 28-இல் கையெழுத்தானது. சட்டப்படி முழுமையாக நிறைவேறியது 1962 ஆகஸ்ட் 16-இல்தான். அந்த ஒப்பந்தத்தில் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் பிரிவு இருந்தது. அந்தப் பிரிவின் வழியாகப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பங்கள் இன்றும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் இருக்கின்றன. அவர்கள் பிரான்சு அதிபர் தேர்தலுக்கு இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். ஒரு காகிதத்தின் ஒரே ஒரு பிரிவு! ஒரு தெருவில் எதிரெதிர் வீட்டுக்காரர்களை வேறு வேறு நாட்டவர்களாக ஆக்கியது. ஒப்பந்தம் என்பது டெல்லியில் பூட்டிவைத்த பொருள் அன்று, அது நம் வீட்டுத் திண்ணை வரைக்கும் வந்து உட்காரும்.

இனி என் நெஞ்சில் இருப்பதைச் சொல்கிறேன். 1783-இல் இதே கடலூரில் பிரெஞ்சுக்காரர்கள் அரண் அமைத்து இருந்தார்கள், ஆங்கிலேயர்கள் முற்றுகையிட்டார்கள். ஜூன் 13-இல் தரையில் கடும் சண்டை. ஜூன் 20-இல் கடலில் இரு கப்பற்படைகளும் மோதின. 25-ஆம் தேதி மறுபடியும் பிரெஞ்சுப் படை வெளியே வந்து தாக்கியது. ஐரோப்பியர்கள் மட்டும் சாகவில்லை, சென்னைப் படைப்பிரிவின் சிப்பாய்களும் செத்தார்கள், நம் மண்ணின் பிள்ளைகள். அவர்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்த ஆண்டு ஜனவரி 20-ஆம் தேதியே வெர்சாய் நகரில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானத்துக்கு முதற்கட்டக் கையெழுத்துப் போட்டு முடித்துவிட்டன. அந்தச் செய்தி கப்பலேறிக் கடலூருக்கு வந்து சேர்ந்தபோது ஜூன் முடியும் தறுவாய். ஐந்து மாதம்! சமாதானம் ஆகிவிட்ட இரண்டு நாடுகளுக்காக, அது தெரியாமலே, இந்த மணலில் மனிதர்கள் வெட்டிக்கொண்டு செத்தார்கள். ஏட்டில் சமாதானம் காய்த்திருந்தது, கடலூரில் கறிக்கு உதவவில்லை.

அன்றாவது கப்பல் வரத் தாமதம். இன்று என்ன தாமதம்?

இந்தியாவும் இலங்கையும் 1974 ஜூன் மாதம் பாக் நீரிணைப் பகுதிக்குக் கடல் எல்லை வகுத்து ஒப்பந்தம் செய்தன. அதன் ஐந்தாம் பிரிவு, இந்திய மீனவர்களும் யாத்ரீகர்களும் கச்சத்தீவுக்கு முன்போலவே போய்வரலாம், அதற்கு விசா வேண்டியதில்லை என்கிறது. 1976 மார்ச் 23-இல் மன்னார் வளைகுடாவுக்கும் வங்காள விரிகுடாவுக்கும் இன்னொரு ஒப்பந்தம். அதே நாளில் இரண்டு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்களில், ஒரு நாட்டு மீன்பிடிப் படகு மற்ற நாட்டு நீரில் மீன்பிடிக்காது என்று இருக்கிறது. இத்தனை ஆண்டு மேடைகளில் எத்தனை முழக்கம்! இந்த இரண்டு ஒப்பந்தங்களையும் கடிதங்களையும் தமிழில் முழுமையாகப் படித்தவர்கள் கை தூக்குங்கள் என்றால் இந்த அரங்கில் எத்தனை கை எழும்? நான் தேடிப் போன எந்த நூலகத்திலும் முழுத் தமிழ் வடிவம் என் கைக்குக் கிடைக்கவில்லை.

ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-இல் ஜமைக்காவில் கையெழுத்தானது, 1994-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 1995-இல் ஏற்றது. மொத்தம் 320 பிரிவுகள். 73-ஆம் பிரிவு என்ன சொல்கிறது தெரியுமா? பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தில் மீன்பிடிச் சட்டத்தை மீறியதற்காக அயல்நாட்டுப் படகைப் பிடித்தால், தக்க பிணை கட்டியதும் படகையும் ஆட்களையும் விரைவில் விட வேண்டும். நாடுகளுக்குள் வேறு உடன்பாடு இல்லாத வரையில் சிறைத்தண்டனை கூடாது. பிடித்ததை அவர்கள் நாட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். இது கரையை ஒட்டிய 12 மைலுக்குப் பொருந்தாது. பாக் நீரிணையை இரு நாடுகளும் வரலாற்று நீர், அதாவது நெடுங்காலமாகத் தங்களுக்கே உரிய நீர், என்று கொள்வதால் அங்கே வாதம் வேறு. இப்படி எது எங்கே பொருந்தும், எங்கே பொருந்தாது என்று பிரித்துச் சொல்லத்தான் முதுகலை படித்த ஒரு பிள்ளை ஊருக்கு வேண்டும். உணர்ச்சியாகப் பேச ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எண்ணைச் சொல்லி, பிரிவைச் சொல்லி, இந்த வரி நமக்கு உதவும், இந்த வரி உதவாது என்று உண்மையைச் சொல்கிற ஒருவர் ஊருக்கு ஒருவராவது வேண்டாமா?

அந்த உடன்படிக்கையின் கடைசிப் பிரிவு, அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யம், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிகளின் பாடமும் சம அதிகாரம் உடையது என்கிறது. தமிழ் அந்த வரிசையில் இல்லை என்று நான் சண்டைக்குப் போகவில்லை. ஆனால் அதிகாரம் இல்லாத ஒரு நல்ல மொழிபெயர்ப்பைச் செய்துகொள்ள யாருடைய அனுமதியும் தேவையில்லையே! தமிழ் இலங்கையில் ஆட்சிமொழி, சிங்கப்பூரில் ஆட்சிமொழி. இரண்டு அயல்நாடுகள் தங்கள் அரசாங்கத்தில் வைத்திருக்கும் ஒரு மொழியை, அயலுறவு பேச ஆகாத மொழி என்று நாமே ஒதுக்கலாமா?

என் ஆயாவின் பழமொழி இங்கேதான் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்கிறோம், சரி. நம் ஏட்டில் அந்தச் சுரைக்காய் எழுதப்படவே இல்லையே! கறி எங்கிருந்து வரும்?

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தாய் என் வீட்டுக்கு வந்தார். கரையோர ஊர்க்காரர், ஊர்ப் பெயர் வேண்டாம். மகன் வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடிப் படகில் கூலி வேலை. படகு எல்லை தாண்டிவிட்டது என்று வேறொரு நாட்டுக் காவல் பிடித்துவிட்டது. கையில் ஆங்கிலத்தில் ஒரு தாள் வைத்திருந்தார். பதினொரு நாளாக அதை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வாசலாக அலைந்திருக்கிறார். ஓர் அலுவலகத்தில் நாளை வா என்றார்கள். இன்னொன்றில் இது எங்கள் வேலை இல்லை என்றார்கள். பணம் வாங்கிக்கொண்டு மனு எழுதிக் கொடுத்தவர், மகன் பெயரையே தவறாக எழுதியிருந்தார். நான் படித்துப் பார்த்தேன். அந்தத் தாளிலேயே, காவலில் உள்ளவர் விரும்பினால் தன் நாட்டுத் தூதரகத்தைத் தொடர்புகொள்ளலாம் என்று ஒரு வரி இருந்தது. 1963-ஆம் ஆண்டு வியன்னாவில் ஆன துணைத் தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவிலிருந்து வரும் வரி அது. அந்த அம்மா பதினொரு நாள் தன் கையிலேயே சாவியை வைத்துக்கொண்டு பூட்டைத் தேடியிருக்கிறார். பையன் திரும்பி வந்துவிட்டான், இன்று இந்த அரங்கில் இருக்கிறான். அவனைக் காட்டிக் கொடுக்க மாட்டேன். அந்த அம்மாவும் வேனில் வந்திருக்கிறார். வேன் வராவிட்டால் என் பேச்சுக்குப் பொருள் இல்லை என்று நான் சொன்னது இதற்குத்தான்.

அன்றிலிருந்து ஒன்பது மனுக்கள் அனுப்பியிருக்கிறேன். இரண்டுக்குப் பதில் வந்தது, உரிய துறைக்கு அனுப்பப்பட்டது என்று. நான் கேட்பது பெரிதன்று. மீனவர்களையும் வெளிநாடு போகும் தொழிலாளர்களையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தங்களைத் தமிழில் அச்சிட்டு மீன் இறங்குதளங்களிலும் ஊர் நூலகங்களிலும் வையுங்கள். தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் சர்வதேச உறவுகளில் முதுகலை ஆய்வேடு எழுதும் ஒவ்வொரு மாணவரும் அதோடு பத்துப் பக்கம் தமிழ்ச் சுருக்கம் தர வேண்டும் என்று விதி செய்யுங்கள். விரும்புகிறவருக்கு, ஓர் உடன்படிக்கையைக் குறிப்புரையோடு தமிழாக்குவதையே ஆய்வேடாக ஏற்றுக்கொள்ளுங்கள். துறைத் தலைவர் ஐயா மேடையிலேயே இருக்கிறார், அவர் தலையசைப்பதை நான் பார்த்துவிட்டேன்.

தமிழில் எழுதினால் வேலை கிடைக்குமா என்று பின் வரிசையில் ஒரு தம்பி கேட்டார். ஆங்கிலத்தை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. இரண்டு மொழியும் கூர்மையாக இல்லாதவன் மொழிபெயர்க்கவே முடியாது. அயல்நாட்டுப் பணிக்கான வழி மத்தியத் தேர்வாணையத்தின் குடிமைப் பணித் தேர்வுதான். அதில் அரசியல் அறிவியலும் சர்வதேச உறவுகளும் சேர்ந்து ஒரு விருப்பப் பாடம், முதன்மைத் தேர்வைத் தமிழிலும் எழுதலாம். வேலை என்ற மூன்றாம் செய்திக்கு இவ்வளவுதான் நேரம் இருக்கிறது. அயல்மொழி பற்றித் துறைத் தலைவர் ஐயா அடுத்துப் பேசுவார். தலைவர் ஐயா மணியடிக்கும் முன் ஒன்றைச் சொல்லி இறங்குகிறேன்.

வியன்னா உடன்படிக்கையின் 36-ஆம் பிரிவை நான் தமிழாக்கிவிட்டேன். நாற்பது படிகள் வாசல் மேசையில் இருக்கின்றன, பஞ்சாயத்துப் பெரியவர்கள் ஊருக்கு ஐந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே ஓர் இடத்தில் இன்னும் பேனா நிற்கிறது. கைதான அயல்நாட்டவருக்கு இந்த உரிமை உண்டு என்பதை எப்போது அறிவிக்க வேண்டும்? ‘தாமதமின்றி’ என்பதா, ‘உடனடியாக’ என்பதா? இரண்டும் ஒன்றுதானே என்று தோன்றும். மெக்சிகோ அமெரிக்காவின் மேல் தொடுத்த வழக்கில், 2004 மார்ச் 31-இல் சர்வதேச நீதிமன்றம் இந்தச் சொல்லையே எடுத்துவைத்து ஆராய்ந்தது. கைது செய்த அந்தக் கணமே என்று அதற்குக் கட்டாயப் பொருள் இல்லை என்று தீர்ப்புச் சொன்னது. ஆகவே ‘உடனடியாக’ என்று நான் எழுதினால், இல்லாத உரிமையை ஒரு தாய்க்குக் கொடுத்து ஏமாற்றியவன் ஆவேன். ‘தாமதமின்றி’ என்று எழுதினால், காவலர்களுக்குக் கொஞ்சம் நேரத்தை நானே அளந்து கொடுத்ததுபோல் நெஞ்சு உறுத்துகிறது. இப்போதைக்குத் ‘தாமதமின்றி’ என்றே அச்சிட்டிருக்கிறேன். அதைவிட நல்ல சொல் உள்ளவர்கள் வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குத் தேவனாம்பட்டினம் கோட்டை மேட்டுக்கு வாருங்கள். தலைவர் ஐயாவும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

நன்றி, வணக்கம்.